வீட்டில் எத்தனை பேர்

துணியறை அக்காவுக்கு எண்ணுவதுதான் வேலை. ஹோட்டலின் அடித்தளத்தில், தலைக்கு மேலே வெந்நீர்க் குழாய்கள் ஓடும் ஜன்னலில்லாத அறையில், இருபத்திரண்டு வருடமாக அவர் எண்ணிக்கொண்டிருந்தார். காலையில் மாடிகளுக்குப் போகும் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், குளியல் துண்டுகள், கால்மிதிகள். மாலையில் சலவையிலிருந்து திரும்பி வருபவை. ஐந்து ஐந்தாக மடித்து அடுக்கிய துணியின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினாலே போதும், எத்தனை என்று சொல்லிவிடுவார். ஒரு கைத்துண்டு குறைந்தால்கூட எந்த மாடியில், எந்தத் தள்ளுவண்டியில் குறைந்தது என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்பமாட்டார்.

“அக்கா கண்ணுல மண்ணத் தூவினாலும் தூவலாம், விரல்ல தூவ முடியாது” என்பார் இஸ்திரிக்காரர். பக்கத்து அறையில் ஆவி பறக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் அவர்தான் அடித்தளத்தில் அக்காவுக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை. அதுவும் காது கொஞ்சம் மந்தம். பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும்.

அந்த வருடம் துணி துவைக்கும் வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடப் போவதாகச் செய்தி வந்தது. அடித்தளத்தை மூடிவிடுவார்கள். அங்கே இருப்பவர்களில் ஆங்கிலத் தேர்வில் தேறுகிறவர்களுக்கு மாடியில் விருந்தினர் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தேறாதவர்களுக்கு அந்தக் கம்பெனியின் சலவைக் கூடம். அது நகரத்துக்கு வெளியே எங்கேயோ இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் இரண்டு பஸ் மாறி அங்கே போய், முகம் தெரியாதவர்கள் நடுவே நிற்பதை அக்காவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். இஸ்திரிக்காரர் கொடுக்கவில்லை. “எனக்குத் தமிழே பாதிதான் காதுல விழுது. இங்கிலீஷ் விழுந்து என்ன ஆகப்போவுது?” என்றார்.

திங்கள்கிழமைதோறும் பயிற்சி மேடம் வருவார். ஊழியர்கள் சாப்பிடும் கூடத்தில், துடைத்த ஈரம் காயாத மேஜைகளில், சமையல் உதவியாளர்களும் தோட்டக்காரரும் அக்காவும் மெல்லிய பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். முதல் இரண்டு வாரம் வணக்கம் சொல்வதும் மணி சொல்வதுமாகப் போயிற்று. மூன்றாவது வாரம் வந்த பாடம் எண்ணக்கூடிய பெயர்ச்சொல், எண்ண முடியாத பெயர்ச்சொல்.

நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ணக் கூடாது. பெட்டியை எண்ணலாம், லக்கேஜை எண்ணக் கூடாது. முட்டை சரி, ரொட்டி கூடாது. துண்டு துண்டாக வெட்டினால் துண்டை எண்ணிக்கொள்ளலாம். எண்ணக்கூடியதற்கு முன்னால் மெனி, எண்ண முடியாததற்கு முன்னால் மச். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். பட்டியலில் பதினொன்றாவதாக லினன் என்று வந்தது. விரிப்பு, உறை, துண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஹோட்டலில் சொல்லும் சொல் அது. அவருடைய அறைக் கதவிலேயே அதைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். அதற்கு நேராக ‘எண்ண முடியாதது’ என்று அச்சடித்திருந்தது.

அக்கா கையைத் தூக்கினார். “மேடம், இது தப்பா அச்சாகியிருக்கு.”

“இல்லைங்க, சரிதான். லினன் அன்கவுண்டபிள்.”

“நான் டெய்லி எண்றேனே மேடம்.”

கூடமே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டு, “நீங்க எண்றது விரிப்பையும் துண்டையும். லினன்னு சொல்லிட்டா அது மொத்தம். மொத்தத்தை எப்படி எண்றது?” என்றார்.

கீழே வந்து இஸ்திரிக்காரரிடம் முறையிட்டார் அக்கா. “எண்ண முடியாதாம். அப்புறம் மாசக் கடைசியில எதுக்கு என்னை எண்ணச் சொல்றாங்க?”

“எண்ண முடியாதத எண்றதுக்குத்தானே சம்பளம் குடுக்குறாங்க” என்றார் அவர். அன்றைக்கு அவருக்குக் காது நன்றாகக் கேட்டிருக்கிறது.

அந்த வாரமே இன்னொரு ஏற்பாடும் வந்தது. அதே ஹோட்டலுக்கு வேறொரு நகரத்தில் ஒரு கிளை இருந்தது. இங்கே ஒருவருக்கு அங்கே ஒருவர் என்று ஜோடி சேர்த்துவிடுவார்கள். தினமும் மூன்றரை மணிக்குக் கால் மணி நேரம் போனில் புத்தகத்தில் உள்ளபடி ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிப் பழக வேண்டும். பன்னிரண்டாவது வாரம் இருவரும் சேர்ந்தே தேர்வு எழுதி, பேசிக் காட்ட வேண்டும். அக்காவுக்கு வாய்த்தவர் அந்தக் கிளையின் சமையல் ஸ்டோர்காரர். அரிசி, மாவு, எண்ணெய், முட்டை எல்லாம் அவர் பொறுப்பு. வயது ஐம்பத்தாறு.

அடித்தளத்தில் போன் சிக்னல் எடுக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். சரக்கு லிஃப்டின் வாசல். அழுக்குத் துணி மூட்டை ஒன்றை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார் அக்கா. மடியில் புத்தகம். பயிற்சி நான்கு, முதல் கேள்வி.

“ஹவ் மெனி பீப்பிள் ஆர் தேர் இன் யுவர் ஃபேமிலி?” என்று வகுப்பில் பாடம் ஒப்பிக்கும் பிள்ளையின் குரலில் கேட்டார் ஸ்டோர்காரர்.

பதிலும் புத்தகத்தில் பாதி அச்சாகியிருந்தது. ‘தேர் ஆர்’, பிறகு ஒரு கோடு, பிறகு ‘பீப்பிள் இன் மை ஃபேமிலி’. கோட்டில் எண்ணை நிரப்பினால் போதும். அக்காவின் வீட்டில் இருந்தது ஒரே ஆள். ஒன்று என்று போட்டால் ‘ஆர்’ வராது, ‘இஸ்’ போட வேண்டும். ‘பீப்பிள்’ வராது, அதற்கு வேறு சொல். அச்சில் இருப்பதை அடித்து மாற்ற வேண்டும். அந்தப் பாடம் அவருக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. மறுமுனையில் முகம் தெரியாத ஒரு மனிதர் காத்துக்கொண்டிருந்தார்.

“தேர் ஆர் ஃபைவ் பீப்பிள் இன் மை ஃபேமிலி” என்றார் அக்கா.

அடுத்து அவர் முறை. “தேர் ஆர் டூ பீப்பிள் இன் மை ஃபேமிலி. ஐ அண்ட் மை வைஃப்” என்றார் ஸ்டோர்காரர். அவரை முதலில் சொல்ல விட்டிருக்கலாம் என்று அக்காவுக்கு அப்போதே பட்டது. இரண்டு என்று கேட்டிருந்தால் ஒன்று என்று சொல்ல நாக்கு வந்திருக்கும்.

ஐந்து என்பது சுத்தப் பொய்யும் அல்ல. ஆறு வருடம் முன்புவரை அந்த மூன்றாம் மாடி வீட்டில் ஐந்து பேர்தான். அக்காவின் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஒன்பது வயதுப் பையன், ஆறு வயதுப் பெண். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்து வைக்க வேண்டியவர்கள் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிக் காலத்தைக் கடத்திவிட்டார்கள். தம்பி பிள்ளைகள்தான் அவருக்கு உலகம். பிறகு தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. “செட்டில் ஆனதும் உன்னைக் கூட்டிக்கிறேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனான். முதல் வருடம் அதைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாம் வருடம் விசா பேப்பர் சரியாக வரவில்லை என்றான். அதன் பிறகு அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

வீட்டில் ஐந்து தட்டுகள் இருந்தன. அக்கா ஒன்றையே கழுவிக் கழுவி வைக்காமல் ஐந்தையும் முறை போட்டு எடுப்பார். உள்ளறையில் பிள்ளைகளின் இரண்டு கட்டில்கள். வாரம் ஒருமுறை விரிப்பு மாற்றி, ஹோட்டலில் செய்வது போலவே நான்கு மூலையையும் உள்ளே மடித்துச் செருகுவார். யாரும் படுக்காத விரிப்பில் அழுக்கு சேராது, தூசிதான் சேரும். அதையும் துவைப்பார்.

ஐந்து என்று சொன்னது வாயோடு போயிருந்தால் தேவலை. ஆனால் அடுத்த நாள் கேள்வி, வீட்டில் எத்தனை குழந்தைகள். அதற்கடுத்த நாள், குழந்தைகள் எவ்வளவு பால் குடிப்பார்கள், எத்தனை முட்டை சாப்பிடுவார்கள். புத்தகம் எழுதியவர் வீடு என்றால் ஆட்கள் நிறைந்திருக்கும் என்று நினைத்துவிட்டார் போல. அக்கா பதில் சொன்னார். பையன் நிறைய ரொட்டி தின்பான். சின்னவள் கொஞ்சம் பால்தான் குடிப்பாள், மீதியை ஜன்னல் செடிக்கு ஊற்றிவிடுவாள். அவளை வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம்.

“வாலுவுக்கு இங்கிலீஷ்ல என்னம்மா?” என்று ஸ்டோர்காரர் தமிழில் கேட்டார்.

“அதுக்கு இங்கிலீஷ் இல்லண்ணா. வாலு வாலுதான்.”

இப்படித்தான் அவர் அண்ணா ஆனார், இவர் அம்மா என்று மரியாதையாக அழைக்கப்படும் தங்கச்சி ஆனார். பத்து நிமிடம் ஆங்கிலம், ஐந்து நிமிடம் தமிழ் என்று பேச்சு பழகிவிட்டது. முடியைப் பற்றிய பாடம் வந்த நாளில் ஸ்டோர்காரர் விடவில்லை. “தலையில இருக்கற வரைக்கும் எண்ண முடியாதாம். எங்க கிச்சன்ல சோத்துல ஒன்னு விழட்டும், கஸ்டமர் எவ்வளவு கரெக்டா எண்றார்னு இந்தப் புத்தகக்காரரு வந்து பார்க்கணும்” என்றார். அக்கா மூட்டை மேல் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். லிஃப்டில் இறங்கிய ஆள் திரும்பிப் பார்த்தான். இருபத்திரண்டு வருடத்தில் துணியறை அக்கா சத்தமாகச் சிரித்து அவன் கேட்டதில்லை.

ஸ்டோர்காரர் தன் வீட்டைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. மனைவிக்கு மூன்று வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. முன்னறையில் ஜன்னலோரக் கட்டில்தான் எல்லாம். பிள்ளைகள் இல்லை. காலையில் குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, தண்ணீரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வேலைக்கு வருகிறார். பகலில் பக்கத்து வீட்டு அம்மா ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். இதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார். “தேர் இஸ் எ லாட் ஆஃப் டைம் இன் மை ஹவுஸ். நாட் மச் ஒர்க் ஃபார் ஹர்.” இலக்கணம் சரியாக இருந்தது. அக்கா அடுத்த கேள்விக்குப் போனார்.

வாரங்கள் ஓட ஓட, வாலுவுக்குப் பல் விழுந்தது. பையன் கணக்கில் முட்டை வாங்கி, தாளை ஷூவுக்குள் ஒளித்து வைத்தான். ஏழாவது வாரம் வாலு மாடிப்படியில் உருண்டு நெற்றியில் மூன்று தையல் போட்டார்கள். எல்லாமே நடந்தவைதான், ஆறு, ஏழு வருடத்துக்கு முன்னால் நடந்தவை. அக்கா எதையும் கற்பனை செய்யவில்லை. காலத்தை மட்டும் மாற்றினார். காலம் மாற்றுவதும் பாடத்தில் இருந்தது. இறந்தகாலம் ஒன்பதாவது வாரம்தான் வந்தது. அதுவரை எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் சொல்வதுதான் எளிது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

நிஜமான வாலுவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தம்பி மாதம் ஒருமுறை ஞாயிறு காலையில் கூப்பிடுவான். பிள்ளைகள் வீட்டில் தங்களுக்குள் ஆங்கிலம்தான் பேசினார்கள். அத்தையிடம் தமிழில் பேச நாக்கைத் தேட வேண்டியிருந்தது. அந்த மாதம் அக்கா தயாராக இருந்தார். பெண்ணின் முகம் திரையில் வந்ததும், மூன்று நாள் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னார்.

“ஹவ் மச் ஹோம்வொர்க் டு யூ ஹேவ்?”

அவள் கண்ணை விரித்தாள். “அத்தை, யூ ஸ்பீக் இங்கிலீஷ்!”

“எ லிட்டில்” என்றார் அக்கா, பெருமையாக.

“ஐ ஹேவ் எ லாட்” என்றாள் அவள். பிறகு என்னவோ வேகமாகச் சொன்னாள். அதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. முகம் திரையை விட்டு நகர்ந்தது. தம்பி வந்து, “நிறைய ஹோம்வொர்க் இருக்காம்க்கா, போயிட்டா” என்றான். அக்கா கேட்டது வீட்டுப்பாடத்தைப் பற்றித்தான் என்பதால் அதற்குமேல் குறைப்பட்டுக்கொள்ள வழியில்லை.

மறுநாள் மூன்றரை மணிக்கு, “வாலு தையல் பிரிச்சாச்சா?” என்று கேட்டார் ஸ்டோர்காரர்.

“பிரிச்சாச்சுண்ணா. ஒரே ஓட்டம்தான்” என்றார் அக்கா.

பன்னிரண்டாவது வாரம் வந்தது. தேர்வு ஸ்டோர்காரரின் கிளையில், சனிக்கிழமை காலை. அக்கா விடிந்ததும் பஸ் பிடித்து இரண்டு மணி நேரப் பயணத்தில் போய்ச் சேர்ந்தார். பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்திருந்தார், பார்த்தவுடன் உண்மையைச் சொல்லிவிடுவது என்று. ஹோட்டலின் பின்வாசலில் உயரமான, முன்வழுக்கை விழுந்த மனிதர் ஒருவர் துணிப்பையோடு நின்றிருந்தார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

“வாங்கம்மா. பஸ்ல இடம் கிடைச்சுதா? இத முதல்ல பிடிங்க, அப்புறம் மறந்துடுவேன்” என்று பையை நீட்டினார். உள்ளே பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. இரண்டிலும் வெள்ளை ஒட்டுத்தாள். நீலத்தில் ‘பெரியவன்’ என்றும் சிவப்பில் ‘வாலு’ என்றும் எழுதியிருந்தது. எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன.

“வீட்டுக்காரி எழுதினது. தாளைப் பிடிச்சுக்க இன்னொரு கை இல்ல பாருங்க, அதான் கோணல்மாணலா இருக்கு. நான் எழுதறேன்னேன், விடல.”

அக்கா பையை வாங்கிக்கொண்டார். உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளே பெயர் கூப்பிட்டார்கள்.

எழுத்துத் தேர்வு சுலபமாக இருந்தது. மச், மெனி, எ ஃபியூ, எ லிட்டில். லினனுக்கு நேரே அக்கா மறுபேச்சில்லாமல் ‘எண்ண முடியாதது’ என்று குறி போட்டார். பிறகு பேச்சுத் தேர்வு. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த தேர்வாளர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஸ்டோர்காரரைப் பார்த்து, உங்கள் ஜோடியின் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஸ்டோர்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவர் வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று தொடங்கினார். இரண்டு குழந்தைகள். பையன் நிறைய ரொட்டி சாப்பிடுகிறான். பெண்ணுக்கு இரண்டு பல் இல்லை. அவள் செடிக்குக் கொஞ்சம் பால் ஊற்றுகிறாள். வீட்டில் நிறையச் சத்தம், நிறைய வேலை, கொஞ்சம்தான் நேரம். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. எண்ண வேண்டியதை எண்ணினார், எண்ணக் கூடாததை எண்ணவில்லை. அந்நிய மொழியில், அந்நிய மனிதர் ஒருவர் வாயிலிருந்து, அக்காவின் வீடு ஆள் நிறைந்து அந்த அறைக்குள் வந்து நின்றது. அக்கா கைகளை மேஜைக்கடியில் இறுகக் கோத்துக்கொண்டார்.

“குட். நைஸ் ஃபேமிலி” என்றார் தேர்வாளர். அடுத்து அக்காவின் முறை. இரண்டு பேர், ஒரு கட்டில், ஒரு ஜன்னல், நிறைய மருந்து என்று அவரும் சொன்னார். குரல் நடுங்கியதைப் பயம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். இருவரும் தேறினார்கள்.

வெளியே சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் நிழலில் ஸ்டோர்காரர் டீ வாங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அக்கா டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

“அண்ணா, அந்தப் பாட்டில நான் எடுத்துட்டுப் போக முடியாது.”

“ஏம்மா, பஸ்ல கனமா இருக்குமா?”

“குடுக்கறதுக்கு அங்க யாரும் இல்ல.”

“ஊருக்குப் போயிருக்காங்களா?”

“ஆமாண்ணா. போயி ஆறு வருஷம் ஆச்சு.”

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. டீயை ஊதிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. “அப்போ அந்தப் பல்லு?”

“அப்போ விழுந்தது.”

“மாடிப்படில விழுந்து தையல் போட்டது?”

“எல்லாம் நடந்ததுதாண்ணா. இப்போ நடக்கல, அவ்வளவுதான். முதல் நாள் வாய்ல வந்துடுச்சு. அப்புறம் எப்படித் திருப்புறதுன்னு தெரியல. நான் மட்டும்தான் இருக்கேன்.”

ஸ்டோர்காரர் கொட்டகைத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகத் திட்டியிருந்தால் அக்காவுக்குப் பொறுத்துக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் வீட்டுக்குப் போனதும் அவ கேக்கற முதல் கேள்வி, வாலு இன்னைக்கு என்ன பண்ணுச்சுன்னுதான்” என்றார் கடைசியில். “தையல் போட்ட அன்னைக்கு ராத்திரி சாப்பாடு வேணாம்னுட்டா. நான்தான் கெஞ்சிக் குடுத்தேன். அவளுக்கு வேற என்னம்மா இருக்கு? ஜன்னலும் நீங்க சொல்றதும்தான்.” நிறுத்தினார். “நீங்க ஒரே ஆளுன்னு சொல்லியிருந்தா நான் போனையா வச்சிருப்பேன்?”

அக்கா பையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

“வேணாம். இதத் திருப்பி எடுத்துட்டுப் போனா அவகிட்ட என்னன்னு சொல்றது?” என்றார் அவர். டீயைக் குடிக்காமலேயே எழுந்து உள்ளே போனார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்த்து, “பசங்களுக்கா?” என்று கேட்டாள். அக்கா இல்லை என்று தலையாட்டினார். அந்தச் சின்னத் தலையாட்டலுக்கு ஒன்பது வாரம் ஆகியிருந்தது.

அடுத்த மாதம் அடித்தளத்தை மூடினார்கள். இஸ்திரிக்காரர் வேலையை விட்டு மகள் வீட்டோடு போனார். கடைசி நாள் அக்காவிடம் வந்து, “எண்ண முடியாதத எண்ணினது போதும், மேல போய்க் கொஞ்சம் காத்து வாங்குங்க” என்றார். அக்காவுக்கு நான்காம் மாடி. புதுச் சீருடை, சட்டைப்பையில் குத்திக்கொள்ளப் பெயர் பொறித்த ஒரு வில்லை. விருந்தினர்கள் கூடுதலாக இரண்டு தலையணை கேட்டார்கள், சோப்பு கேட்டார்கள். அவருக்குப் புரிந்தது, பதிலும் சொன்னார். மாடியில் ஜன்னல்கள் இருந்தன, வெயில் இருந்தது, போனில் எங்கே நின்றாலும் சிக்னல் முழுசாக இருந்தது. மூன்றரை மணிக்குப் போன் வருவதுதான் நின்றுபோயிருந்தது.

இரண்டு தடவை அவரே கூப்பிட்டார். முதல் தடவை ஸ்டோர்காரர் எடுத்து, “வேலையா இருக்கேம்மா” என்றார். மரியாதையான குரல்தான். இரண்டாவது தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட அக்காவுக்குத் தைரியம் வரவில்லை. வீட்டில் ஐந்து தட்டுகளை முறை போட்டு எடுப்பதை விட்டுவிட்டார். தட்டை எடுக்கும்போதெல்லாம் தான் யாருக்கோ பொய் சொல்வது போலத் தோன்றியது.

ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலை பத்து மணி இருக்கும், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் ஒரு பெண் குரல். சொற்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, மெதுவாக வந்தன.

“துணியறை அக்காவா? நான் ஸ்டோர்காரர் வீட்டுக்காரி.”

அக்கா எழுந்து நின்றுவிட்டார். “அண்ணி” என்றார். 

“அவரு குளிக்கப் போயிருக்காரு. அவரு போன்ல உங்க நம்பரப் பாத்து, பக்கத்து வீட்டு அம்மா போன்ல பேசறேன். என்னால வேகமாப் பேச முடியாது, நீங்க பொறுமையாக் கேக்கணும்.”

“சொல்லுங்க அண்ணி.”

“ரெண்டு மாசமா வாலுவப் பத்தி ஒன்னுமே சொல்லலையேன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். பரீட்சை முடிஞ்சுது, பேசறதில்லன்னாரு. அவருக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துடும். போன வாரம் துருவித் துருவிக் கேட்டு வாங்கிட்டேன்.” மூச்சு வாங்கினார். “எனக்குக் கோவம்தான். மறைக்க மாட்டேன். அந்தப் புள்ள விழுந்துச்சுன்னு நான் அழுதேன். இல்லாத புள்ளைக்கு அழ வச்சிட்டீங்க.”

“இல்லாத புள்ள இல்ல அண்ணி. இருக்கா. பன்னெண்டு வயசு. நல்லாருக்கா. நெத்தில தழும்புகூட மறைஞ்சுடுச்சு” என்றார் அக்கா.  “இங்கதான் இல்ல.”

மறுமுனையில் தெருவில் போகும் ஏதோ வண்டியின் ஓசை மட்டும் கேட்டது. ஜன்னலோரக் கட்டில் என்று அக்காவுக்கு நினைவு வந்தது.

“தழும்பு மறைஞ்சுதா?” என்றார் அண்ணி. “அது நல்லது. பொம்பளப் புள்ளைக்கு நெத்தில.” பிறகு, “சரி, இனிமே இருக்கறவங்களப் பத்திச் சொல்லுங்க. யாரு இருக்கா?”

“நான்தான் இருக்கேன்.”

“அப்போ உங்களப் பத்திச் சொல்லுங்க.”

அக்கா வாயைத் திறந்தார். சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தார். அலமாரி, மேஜை, உள்ளறைக் கதவு. தன்னைப் பற்றி யாரும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. அண்ணி அவசரப்படுத்தவில்லை. அந்தப் பக்கம் மெதுவான மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

“இன்னைக்குக் காலைல...” என்று தொடங்கி நிறுத்தினார். “ஒன்னுமில்ல அண்ணி, குழாய்ல தண்ணி வரல. வாளிய வச்சுட்டு ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன்.”

“ஒரு மணி நேரமாவா? பக்கத்து வீட்ல வருதா?”

“கேக்கல.”

“கேக்க வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றார் அண்ணி. இழுத்து இழுத்துச் சொன்னாலும் அதட்டல் அதட்டலாகவே வந்தது. “போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுங்க. நான் போன வைக்கல.”

அக்கா போனைக் கையில் பிடித்தபடியே படிகளில் இறங்கிப் போய், ஆறு வருடமாகப் பேசாத கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கேயும் தண்ணீர் வரவில்லை. மொத்தக் கட்டிடத்துக்கும் மோட்டார் பழுது என்றார்கள். உள்ளே வந்து உட்காருங்கள் என்றார்கள். அவர் உட்காரவில்லை, போனில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே வந்தார். அண்ணியிடம் மோட்டார் விஷயத்தைச் சொன்னார்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை பேசுவது என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள். சொன்னபடி எப்போதும் நடக்கவில்லை. அண்ணிக்கு உடம்பு முடியாத வாரங்களில் போன் வராது. ஸ்டோர்காரர் மறுபடி அக்காவிடம் பேச நான்கு மாதம் ஆயிற்று, அப்போதும் மனைவிக்குப் போனைப் பிடித்துக் கொடுக்கும்போது, “நல்லாருக்கீங்களாம்மா?” என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு அக்கா வாரம் முழுவதும் காத்திருந்த நாட்களும் உண்டு. ஹோட்டலில் மூன்றரை மணிக்கு அவர் நான்காம் மாடி வராந்தாவின் கோடியில் போய் நிற்பார். ஒன்றும் செய்யமாட்டார். கீழே தெருவில் போகிறவர்களைப் பார்த்துவிட்டு, தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவார்.